ஒன்றரைக் கிலோ சோடா

லியோனார்டைப் பற்றிச் சொல்வதென்றால் அந்த ஒன்றரைக் கிலோ சலவை சோடாவில்தான் தொடங்க வேண்டும். கடைசிவரை அவரே சொல்லிக்கொண்டிருந்தார். இனி யாராவது சொன்னால்தான் உண்டு.

அடையாறில் ஒரு கல்லூரியின் வேதியியல் கூடத்தில் பதினோரு வருடமாகத் தற்காலிக உதவியாளர். அந்தத் தற்காலிகத்துக்குள்ளேயே அவருக்குக் கல்யாணமாகி, இரண்டு பெண்கள் பிறந்து, முன்தலையில் வழுக்கையும் விழுந்துவிட்டது. 1994 மார்ச்சில் வேலையை நிரந்தரமாக்கும் கோப்பு முதல்வர் மேஜைக்கு வந்தது. அந்த வருட இருப்புச் சரிபார்ப்பில் குற்றம் குறை இல்லையென்றால் கையெழுத்து விழும்.

ஒரு துறையின் இருப்பை வேறு துறைக்காரர்தான் சரிபார்க்க வேண்டும் என்பது கல்லூரி வழக்கம். எப்போதும் வருகிற தமிழ்த்துறை ஐயா காபி குடித்து, அமிலப் புட்டிகளைத் தூர இருந்தே கும்பிட்டு, கையெழுத்துப் போட்டுப் போய்விடுவார். அந்த வருடம் வந்தவர் வணிகவியல் சூடாமணி மேடம். வந்ததுமே காபி வேண்டாம் என்றார்.

மேடம் எல்லாவற்றையும் எடை போட்டார்.

"சலவை சோடா நாலரைக் கிலோ இருக்கணும். மூணுதான் இருக்கு. மீதி எங்கே?"

"காத்துல போயிருக்கும் மேடம். மூடி சரியா சேராது. கல்லுகல்லா இருந்தது மாவாயிடுச்சு பாருங்க. அதுல இருந்த தண்ணி போயிடுச்சு."

மேடம் அவருடைய பளீரென்ற வெள்ளைச் சட்டையைக் காலரிலிருந்து கீழ்வரை பார்த்தார். "உங்காத்துல துணி யார் தோய்ப்பா?"

"ஐவிதான். என் சம்சாரம்."

"நன்னா தோய்க்கறா."

லியோனார்டுக்குக் காது சூடேறியது. சுட்ட சுண்ணாம்பு டப்பாவைத் தூக்கித் தராசில் வைத்தார். "இது ரெண்டு கிலோ. ஒரு சிட்டிகைகூட எடுக்கலை. பாருங்க."

இரண்டு கிலோ நானூறு கிராம் இருந்தது.

"இதையும் ஐவிதான் கொண்டாந்து போட்டாளா மேடம்? சோடா தண்ணியை விடும், இது குடிக்கும். இடம் மாறுது, அவ்ளோதான். எதுவும் தொலையறதில்லை."

"அப்போ அந்த நானூறைக் குறைவுல கழிச்சுடறேன். ஆயிரத்து நூறுதான் இடிக்கறது."

"அது வேற சரக்கு மேடம். அப்படியெல்லாம் கழிக்கக் கூடாது."

தனக்கு லாபமான கழித்தலையே வேண்டாமென்கிற ஆளை மேடம் அதுவரை பார்த்ததில்லை. "சரி, காட்டுங்கோ" என்றார்.

வெள்ளிக்கிழமை லியோனார்ட் ஒரு கிண்ணத்தில் நூறு கிராம் சோடாக் கல், இன்னொன்றில் நூறு கிராம் புதுச் சுண்ணாம்பு எடுத்து, இரண்டையும் ஒரே கண்ணாடி ஜாடிக்குள் வைத்து, விளிம்பில் வாசலின் தடவி மூடினார். மேடத்துக்கு வாசலினில் நம்பிக்கையில்லை. மைதாப் பசை காய்ச்சச் சொல்லி, சுற்றிலும் காகிதப் பட்டை ஒட்டி, குறுக்கே தன் கையெழுத்தைப் போட்டார். பிறகு ஜாடியை அப்படியே நிறுத்தார்கள். ஆயிரத்து இருநூற்று ஆறு கிராம்.

திங்கட்கிழமை ஆயிரத்து இருநூற்று நான்கு.

"எதுவும் தொலையாதுன்னேளே. ரெண்டு கிராம் எங்கே?"

நிரந்தரம் ஜன்னல் வழியாகப் பறந்து போவது லியோனார்டின் கண்ணுக்குத் தெரிந்தது. பெசன்ட் நகர் மாதாவை மனதுக்குள் கூப்பிட்டார்.

மேடம் தன் கையெழுத்தை யாராவது கலைத்தார்களா என்று பட்டையைத் தடவிப் பார்த்தார். வெள்ளிக்கிழமை பசை வழிய வழிய ஒட்டியது, இப்போது அப்பளமாக மொறமொறத்தது. கை நின்றது.

"பசை காஞ்சிருக்கு" என்றார் மெதுவாக. "ஜாடிக்கு வெளியில."

"நீங்க ஒட்டினது மேடம்" என்றார் லியோனார்ட், இன்னும் மெதுவாக.

ஜாடியைத் திறந்து நிறுத்தார்கள். சோடாக் கிண்ணத்தில் பன்னிரண்டு கிராம் குறைவு, சுண்ணாம்பில் பன்னிரண்டு கிராம் கூடுதல். மேடம் மூன்று முறை நிறுத்தார்.

அறிக்கையில் அவர் குறைவே இல்லையென்று எழுதவில்லை. பொய் எழுதுகிறவர் இல்லை. ஒன்றரைக் கிலோ குறைவு, காரணம் நீர் வெளியேற்றம், நேரில் கண்டேன் என்று எழுதி முதல்வரிடம் தானே கொண்டுபோய்க் கொடுத்தார்.

ஜூனில் நிரந்தர உத்தரவு வந்தது. லியோனார்ட் அதை வீட்டுக்கு எடுத்துப் போகும் முன் வணிகவியல் துறைக்குப் போய் நீட்டினார். மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் படித்தார்.

"தேதி தப்பு. போன வருஷம்னு போட்டிருக்கா. திருத்தி வாங்கிண்டு வாங்கோ, அப்புறம் சந்தோஷப்படலாம்."

லியோனார்ட் படி இறங்கி ஓடினார்.