ஈரப் புகையிலை

சிதம்பரத்திலிருந்து ஸ்ரீமுஷ்ணம் போகும் சாலையில் எங்கள் ஊர். கொல்லையில் விளைந்த புகையிலையைக் காயவைத்து, வெல்லத் தண்ணீர் தெளித்து, வீட்டின் பின்கட்டில் வைக்கோல்போர் மாதிரி அடுக்கிச் சாக்கு போட்டு மூடிவிடுவார்கள். உள்ளே அது தானாகச் சூடேறும். சூடு மிஞ்சினால் இலை கருகிவிடும் என்பதால் அவ்வப்போது பிரித்து, மேலே இருந்ததைக் கீழே மாற்றி அடுக்க வேண்டும். மூடிய சாக்குக்கு அடியில் ஏதோ மூச்சுவிடுவதாக நான் நம்பினேன். தனியாகப் பின்கட்டுக்குப் போகமாட்டேன்.

ஒருமுறை போரைப் பிரித்து வாசலில் பரப்பியிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. பெரியவர்கள் எல்லோரும் அள்ளினார்கள். அதிகம் அள்ளியது சித்திதான். நனைந்த இலைகளை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளுக்கும் வெளிக்கும் ஓடினாள். ரவிக்கையிலும் புடவையிலும் பழுப்புச் சாறு ஊறிவிட்டது. துணி மாற்றாமல் அப்படியே உட்கார்ந்து இலைகளை உதறிப் பரப்பினாள்.

கொஞ்ச நேரத்தில் சுவரைப் பிடித்தபடி எழுந்து, கிணற்றடிக்குப் போய் வாந்தி எடுத்தாள். மறுபடியும் எடுத்தாள்.

அத்தையும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சித்தி கல்யாணமாகி வந்து பல வருஷமாகியும் எங்கள் வீட்டில் அவளுக்கென்று தொட்டில் கட்டவில்லை.

“மசக்கைதாண்டி! இந்த மாசம் தள்ளித்தானே போயிருக்கு?” என்றாள் அத்தை.

சித்தி தலையாட்டினாள். சிரிக்கவும் செய்தாள். அவள் உதடு வெளுத்திருந்தது. நான் பிடித்திருந்த கை சில்லென்று வியர்த்து, விரல்கள் தாமாகத் துடித்தன. சாகப்போகிறவளைச் சுற்றி நின்று ஏன் எல்லோரும் சிரிக்கிறார்கள் என்று நான் நடுங்கினேன்.

சித்தப்பா வந்தார். “கை காலெல்லாம் ஜில்லுன்னு கெடக்கு, பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கிறீங்க? ஆஸ்பத்திரிக்கிப் போவலாம்.”

“புள்ளத்தாச்சிய ஆட்டோவுல குலுக்கிக்கிட்டா போவாங்க? ஒனக்கு என்னடா தெரியும்?” என்று அத்தை மறித்தாள்.

“வேணாங்க, நான் வரல. எதாச்சும் ஆயிடப் போவுது” என்ற சித்தி, வயிற்றின் மேல் கைவைத்தாள். அடுத்த நிமிஷம் கண் செருகிச் சாய்ந்துவிட்டாள். சித்தப்பா யார் பேச்சையும் கேட்காமல் தூக்கிக்கொண்டு ஓடினார்.

அன்று சாப்பிடக் கூப்பிட்டும் நான் வாசற்படியை விட்டு நகரவில்லை. பின்கட்டிலிருந்து வந்த நெடி என் முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல் இருந்தது.

மறுநாள் ஆட்டோ வந்தது. சித்தி தானே இறங்கி நடந்தாள். ஈர இலையின் நஞ்சு தோல்வழியாக உடம்பில் ஏறிவிட்டதாம். கழுவிவிட்டு மருந்து ஏற்றியதும் தெளிந்துவிட்டதாம். வயிற்றில் எதுவும் இல்லை என்று டாக்டரம்மா சோதித்துச் சொல்லிவிட்டாராம். சித்தப்பா இதையெல்லாம் தரையைப் பார்த்துச் சொன்னார்.

எனக்கு அது போதும். தெருவுக்கு ஓடி, “எங்க சித்தி பொழைச்சிட்டாங்க! வெறும் புகையிலதான்!” என்று கத்தினேன். அம்மா பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினாள்.

உள்ளே சித்தி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தோள் குலுங்கியது. உயிரோடு திரும்பி வந்தவள் எதற்கு அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. நஞ்சு இன்னும் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது போலும் என்று பயந்து, ஈரத் துணி கொண்டுவந்து அவள் முதுகைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.