டவர் இல்லாத ஊரில் நோயாளி பராமரிப்பு

நோயாளியைப் பார்த்துக்கொள்ள ஆள் பழக்குகிற வேலையில், நம் பிள்ளைகள் கற்றுக்கொண்டார்களா என்பது இன்னொருவர் உடம்பில்தான் தெரியவரும். செஞ்சி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மாடியில் இருக்கும் பயிற்சி மையத்தில் நான் ஆசிரியை. வாரத்தில் மூன்று நாள் பாடம் போனில், வீடியோவாக. இரண்டு நாள் நேரில். என்னைப் போலவே போனோடு வகுப்பைப் பங்கு போட்டுக்கொண்டவர்களே, இதெல்லாம் உங்களுக்கும் நடந்திருக்கும்.

முழு வருகை

அனந்தபுரத்து செல்வி எல்லா வீடியோவையும் பார்த்து முடித்ததாக ஆப் காட்டியது. நேரில் வந்த அன்று, படுக்கையில் கிடப்பவரை எத்தனை மணிக்கொரு தரம் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்று கேட்டேன். விழித்தாள். வீட்டில் இருப்பது ஒரே போன். அது மினி வேன் ஓட்டும் கணவனோடு காலையிலேயே போய்விடும்.

மறுநாள் அவளை இறக்கிவிட வந்த கணவரிடம் விசாரித்தேன். செல்வி தலையைக் குனிந்து நின்றாள். அவர் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்: "அட்டெண்டன்ஸ் போயிடுமேன்னு வண்டி ஓட்டசொல்ல வீடியோவ நான்தான் ஓட வுட்டேன் மிஸ். ரெண்டு மணிக்கொரு வாட்டி திருப்பணும், கரெக்ட்டா?"

ஆறிய வெந்நீர்

செய்முறைக்காக ஒரு முதியோர் இல்லத்துக்கு அழைத்துப்போனேன். படுத்த படுக்கையாக இருந்த ஓர் அம்மாவுக்கு உடம்பு துடைத்துவிடும் வேலை பூங்கொடிக்கு. நல்ல பெண், ஆனால் பயம். தலைமாட்டில் போனைச் சாய்த்து வைத்து, வீடியோவைப் பார்த்துப் பார்த்துத் துடைத்தாள்.

நடுவில் வீடியோ நின்று சுற்ற ஆரம்பித்தது. பூங்கொடியும் ஈரத்துணியோடு நின்றுவிட்டாள். நான் அடுத்த கட்டிலிலிருந்து ஓடி வருவதற்குள் அந்த அம்மாவுக்கு உடம்பெல்லாம் நடுக்கம். போர்வையை இழுத்து மூடினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, பூங்கொடியைத்தான் பார்த்தார். "குளுருதும்மா. அதைப் பாக்காத, என்னைப் பாரு."

ஒரு டிக்

கஸ்தூரிக்கு ஊர் பனமலைப் பக்கம். நைனா என்று அவள் கூப்பிடும் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு கையும் காலும் விழுந்துவிட்டன. அவரைப் பார்த்துக்கொள்ளத் தெரிய வேண்டும் என்றுதான் எங்களிடம் சேர்ந்தாள். வீட்டில் டவர் கிடைக்காது. ஏரிக்கரை மேல் ஏறி நின்று வீடியோ பார்ப்பாள்.

விழுங்கச் சிரமப்படுகிறவருக்கு எப்படிச் சாப்பாடு ஊட்டுவது என்ற பாடம் மழை வாரத்தில் வந்தது. அவள் பெயருக்கு நேரே 'பார்க்கவில்லை' என்று இருந்தது. 'உடனே பார்க்கவும்' என்று மூன்று முறை அனுப்பினேன். மூன்றிலும் ஒரே டிக், போய்ச் சேரவில்லை. என் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

அந்த வாரம் அவள் நைனாவைப் படுக்க வைத்தபடியே கஞ்சி ஊட்டியிருக்கிறாள். புரையேறி, கஞ்சி நுரையீரலுக்குள் போய், காய்ச்சல் கண்டு, ஆஸ்பத்திரியில் ஐந்தாம் நாள் போய்விட்டார்.

கருமாதி முடிந்து வந்தவள், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து விட்டுப்போன பாடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சாப்பாடு ஊட்டும் வீடியோவில் ஒரு நர்ஸ், நோயாளியை நிமிர்த்தி உட்கார வைத்து, தாடையை லேசாகத் தாழ்த்தச் சொல்லி, ஒரு ஸ்பூன் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார். மொத்தம் நான்கு நிமிஷம். கஸ்தூரி அழவில்லை. போனை என் மேஜையில் வைத்தாள். "உக்கார வெச்சு ஊட்டும்மான்னு வாயால ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா மிஸ்? அந்தப் பாடம் வர்றதுக்கு முந்தின நாள்கூட வகுப்புக்கு வந்தேனே."

 

நல்ல பாடம்

தவறினால் உயிருக்கு ஆபத்தாகும் பாடங்களை எல்லாம் நேர் வகுப்புக்கு மாற்றித் தரச் சொல்லி எங்கள் ஒருங்கிணைப்பாளரிடம் எழுதிக் கொடுத்தேன். கஸ்தூரி வீட்டில் நடந்ததையும் சொன்னேன். கெட்டவர் இல்லை, கேட்டுவிட்டு வருத்தப்பட்டார். பிறகு லேப்டாப்பைத் திறந்து எதையோ தேடினார். என் பக்கம் திருப்பிக் காட்டினார். "பாடத்துல தப்பு இல்லையே மேடம், பாருங்க, பார்த்தவங்க எல்லாரும் அஞ்சு ஸ்டார் குடுத்திருக்காங்க."

இப்போது யாரையும் கேட்காமல், உட்கார வைத்துத்தான் ஊட்ட வேண்டும் என்பதை முதல் நாளே வாயால் சொல்லிவிடுகிறேன். பாடத்திட்டத்தை மீறியதாக என் மேல் ஒரு குறிப்பு இருக்கிறதாம், நான் சரியாகச் செய்த ஒரே காரியத்துக்கு எழுத்தில் இருக்கும் அத்தாட்சி அதுதான்.