மழையைத் தேடிப் போனவர்கள்

எனக்கு எழுபத்து நான்கு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். மூன்று நான் பெற்றவை, இரண்டு என் நாத்தனார் விட்டுப்போனவை. ஒன்றைக்கூடப் பசியோடு படுக்க வைத்ததில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றவள், மெதுவாகத்தான் எழுதுவேன்.

எங்கள் மேட்டு நிலம் நல்லம்பள்ளிப் பக்கம். நால்வர் ஓசூர், பெங்களூர் என்று போய்விட்டார்கள். கடைசி மகன் குடும்பம் மட்டும் என்னோடு. போர்க் கிணறு வற்றி இரண்டு கோடை ஆனது. மழைத் தண்ணீரையாவது தேக்கலாம் என்று தை மாதம் குட்டை வெட்ட ஜேசிபி கூட்டிவந்தான். ஆள் உயரம் இறங்கியதும் பலகைக்கல் தட்டியது. அதன் அடியில் கல்லாலேயே அடைத்த குழி, உள்ளே கருப்பும் சிவப்புமாக உடைந்த பானைகள். பாண்டவர் குழி என்போம். குட்டை வேலை அதோடு நின்றது.

பார்க்க வந்த கல்லூரி வாத்தியார், வெகு பழைய புதைகுழி என்றார். இந்த ஜனங்கள் எங்கே போனார்கள் என்று கேட்டேன். அது சரியாகத் தெரியாதாம். ஆனால் இவர்களுக்கும் எத்தனையோ ஆயிரம் வருஷம் முந்தி, மனிதர் முதலில் இருந்த ஆப்பிரிக்காவில் மழை மாறி மாறி வந்ததாம். பெய்த காலத்தில் பாலைவனம் புல்வெளியாகி வழி திறந்ததாம். காய்ந்ததும் பின்னால் வழி அடைத்துக்கொண்டதாம். அப்படி வந்த கால்கள்தான் நம்முடையவையும் என்றார்.

"ஊர வுட்டுப் போறோம்னு அவங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

"தெரிஞ்சிருக்காதுங்க ஆயா. ஒரே நடையா வரலைங்க. ஒவ்வொரு தலைமுறையும் தண்ணி இருக்கிற பக்கம் கொஞ்சம் தள்ளிக் குடிசை போட்டிருப்பாங்க. அவ்வளவுதான்."

சாதாரணமாகச் சொல்லிவிட்டார். என் மாமனார் ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வந்தவர். என் பிள்ளைகள் நாலு பேரும் வேலைக்குத்தான் போனார்கள் என்று நினைத்திருந்தேன்.

மாசியில் கடைசி மகனும் ஓசூருக்கு வேலை தேடிப் போய்வரத் தொடங்கினான்.

விதை ராகியைத் தனிப் பானையில் சாம்பல் கலந்து வைப்பது எங்கள் வழக்கம். வீட்டில் தானியமே இல்லாவிட்டாலும் அதில் கை வைக்கமாட்டோம். சித்திரையில் ஒரே ஒரு மழை பெய்தது. ஆடி வரை பொறுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். மகன் ஓசூரில் இருந்தான். திரும்பி வரும்போது பயிர் நின்றால் விட்டுப்போக மனம் வராது என்று, குழிக்கு அந்தப்புறம் பானை மொத்தத்தையும் விதைத்தேன். முளைத்தது. அப்புறம் ஒரு துளி இல்லை. இருபது நாளில் கருகியது. பழைய கதிரிலிருந்து உதிர்ந்தது முளைத்திருக்கும் என்று மகன் நினைத்துக்கொண்டான்.

நேற்று சாமான் கட்டினார்கள். என்னையும் கூப்பிட்டான், வரமாட்டேன் என்றேன். விதைப் பானையை மட்டும் அவன் தொடவில்லை.

"அது வூட்லயே இருக்கட்டும்மா. ஆடிக்கு வந்து வெதைக்கணும். அது இங்க இருக்கறப்போ நா எங்க போயிடப் போறேன்?"

அந்தப் பானை காலி. அவன் திரும்பி வர வைத்திருந்த ஒரே பிடியைக் கருக்கியவள் நான். இதுவரை யாரிடமும் தப்பு என்று சொல்லி நின்றதில்லை. வாயில் வராததால் எழுதினேன். வண்டி மத்தியானம் வரும்.

பேத்தி வாசலில் நிற்கிறாள். கண்ணு, எழுத்து கோணலாக இருக்கும். உன் அப்பன் காதில் விழும்படி முதலிலிருந்து படி. விதையைப் பற்றிய இடம் வந்தால் நிறுத்திவிடாதே.