என் வீட்டு வாசலில் எழுத விடாத சொல்

சில வருடங்களுக்கு முன்பு, பெரம்பலூரில் எங்கள் வீட்டு முன்னறையில் நடந்தது இது. நான் அரசுத் துறையில் இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவன். மகள் டாக்டர். மகப்பேறு மேற்படிப்பை முடித்ததும் "போதும்மா" என்றோம். கேட்கவில்லை. பெண்களுக்கு வரும் புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சையைத் தனியாகப் படித்தாள். சென்னையில் வேலை. சனிக்கிழமை மட்டும் ஊருக்கு வந்து நோயாளிகளைப் பார்க்க ஆசைப்பட்டாள். "நம்ம பக்கத்துப் பொம்பளைங்க முத்துனதுக்கு அப்புறம்தான்ப்பா சென்னைக்கு வர்றாங்க" என்பாள்.

முன்னறையை ஒழித்துக் கொடுத்தேன். போர்டு எழுதக் கொடுத்ததும் நான்தான். 'பெண்கள் சிறப்பு மருத்துவர்' என்பதோடு நிறுத்தச் சொல்லிவிட்டேன். மகனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த நேரம். வாசலிலேயே புற்றுநோய் என்று இருந்தால் சம்பந்தம் பேச வருகிறவர்கள் என்ன நினைப்பார்களோ என்று பயம்.

"முக்கியமானது இல்லையேப்பா?" என்றாள் மகள்.

"அப்புறம் சேத்துக்கலாம்மா."

விட்டுவிட்டாள். வந்தவர்கள் பெரும்பாலும் கர்ப்பிணிகள்.

ஒருநாள் குன்னத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். எங்கள் தெருவில் வாராவாரம் வெங்காயம் விற்பவர். மாதவிலக்கு நின்று பல வருடம் ஆனபின், திரும்பவும் ரத்தம் பட ஆரம்பித்திருக்கிறது. யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டு, வலி தாங்காமல் வந்திருந்தார். பரிசோதித்துவிட்டு வெளியே அழைத்து வந்த மகள், "வாரந்தோறும் இந்த வழியாத்தானே போறீங்க, ஏம்மா முன்னாடியே வரல?" என்று கேட்டாள்.

"பாத்துக்கிட்டுத்தான் தாயி போவேன். உள்ள எல்லாம் புள்ளத்தாச்சிங்க. நடுவுல நான் போயி ஒக்காந்தா, கெழவிக்கு மசக்கையான்னு சிரிக்க மாட்டாளுவளா?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். காத்திருந்த பெண்களும் சிரித்தார்கள். மகள் சிரிக்கவில்லை.

நோய் ஆபரேஷன் செய்யும் கட்டத்தைத் தாண்டியிருந்தது. அது உறுதியான அன்று மகள் என்னிடம், "இப்பவாவது எழுதிடலாமாப்பா?" என்றாள். நான் சொன்ன பதிலை இங்கே மறைக்கக் கூடாது. "தம்பி கல்யாணம் முடியட்டுமேம்மா" என்றேன்.

"சரிப்பா" என்றாள். அவ்வளவுதான். அடுத்த மாதம் அரியலூரில் ஒரு மாடியறையை வாடகைக்கு எடுத்து, தான் எந்த நோய்க்கு டாக்டர் என்பதைத் தெருவுக்கே தெரியும்படி எழுதி மாட்டினாள். வர வேண்டியவர்கள் அங்கே வருகிறார்கள், ஆரம்பத்திலேயே. குன்னத்து அம்மாவைக் கடைசிவரை அவள்தான் கவனித்தாள். மறு வருடம் அவர் இறந்துபோனார்.

பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. மகள் ரயிலில் நேராக அரியலூரில் இறங்கி, அப்படியே சென்னைக்குத் திரும்பிவிடுகிறாள். நான்தான் பஸ் பிடித்துப் போய்ப் பார்க்கிறேன். டீ வாங்கித் தருவாள். பிரஷர் மாத்திரை போட்டேனா என்று கேட்பாள். "வீட்டுக்கு வந்துட்டுப் போயேம்மா" என்றால், "பேஷன்ட் இருக்காங்கப்பா" என்பாள். அது பொய்யும் இல்லை.

ஒருமுறை அவள் என்னைத் திட்டியிருந்தால்கூட மன்னிப்புக் கேட்டிருப்பேன். இவ்வளவு மரியாதையாக நடத்தும் மகளிடம் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமலே ஒவ்வொரு சனிக்கிழமையும் பஸ் ஏறுகிறேன்.