கழுவக்கூடாத திராட்சை

சனிக்கிழமை காலை 6.10. ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் யூனியன்வில்லில், என் வீட்டிலிருந்து வான் வண்டியை எடுத்தபோது வெளியே ஒன்பது பாகை. செப்டெம்பர் மூன்றாவது வாரம். அஜக்ஸில் அக்காவையும் அத்தானையும் ஏற்றிக்கொண்டு, ஒஷாவாவுக்கு வடக்கே ஒரு திராட்சைத் தோட்டத்துக்கு அறுவடைக்குக் கைகொடுக்கப் போவதாக ஏற்பாடு. போக மட்டும் எண்பது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட. ஒரு கிழமை பொறுத்து நிதானமாக எழுதியிருக்கலாம். நிதானம் வரவில்லை. இந்தக் கட்டுரையைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

தோட்டம் றெஜினாவுடையது, அவளுடைய கணவர் தாசன் அண்ணையுடையது. றெஜினா என்னோடு ஆஸ்பத்திரி இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவள். வார நாட்களில் இரத்தம், சனி ஞாயிறுகளில் வைன் என்று தன்னைத் தானே பகிடி பண்ணுவாள். கொடிகளைப் பார்ப்பது தாசன் அண்ணை, வைன் வடிப்பது அவள். கூலிக்கு ஆள் கிடையாது.

6.50, அஜக்ஸ். அத்தான் ஏறியதும் முதற் கேள்வி:

“407இலையோ வந்தனீர்? காசைக் கரியாக்கிறீர், வசந்தி.”

407 காசு கட்டி ஓடும் பெருந்தெரு. கால் மணித்தியாலம் மிச்சம் பிடித்ததைச் சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை. காசு கட்டத் தேவையில்லாத 401இல் ஒஷாவா வரை வந்து கோப்பி வாங்கினோம். மூன்று கோப்பி 6.75 டொலர். கொடுத்தது நான். காசைக் கரியாக்கியதைப் பற்றி அப்போது அவர் ஒன்றும் சொல்லவில்லை.

சிம்கோ வீதியால் வடக்கே திரும்பியபின் அவருடைய பாடம் ஆரம்பமானது. “உவை வைச்சிருக்கிறது ஹைபிரிட் முந்திரிகை. கலப்பு. பிரான்சிலை உதை ஒருத்தரும் மதிக்கமாட்டினம்.” திராட்சையை எங்கள் ஊரில் முந்திரிகை என்போம். பிரான்சுக்கு அவர் போனது ஒரு கல்யாணத்துக்கு, மூன்று நாள். அக்கா பின்சீற்றில் ஜன்னலுக்கு வெளியே சோளக் காணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன்.

8.05. சரளைக் கல் பாதை, தகரக் கூரைக் களஞ்சியம், அதற்கப்பால் அரை ஏக்கர் கொடிகள். வரிசைகளுக்கிடையே புல் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்து கிடந்தது. தேனீக்கள் இரைந்தன. ஒரு தோட்டத்தில் நிற்கிறோம், ஆனால் பூச்சிமருந்து மணக்கவில்லை. நான் அதைத்தான் முதலில் கவனித்தேன்.

திராட்சையின் பெயர் ஃபிரன்ரெனாக். கறுப்பு, சிறிய பழம். காட்டுக்கொடியின் இரத்தம் கலந்த இனம் என்பதால் இலையில் பூஞ்சணம் இலேசில் பிடிக்காது. முப்பது பாகை உறைகுளிரையும் தாங்கும். பெயர்போன பிரெஞ்சு இனங்களை இந்தப் பக்கத்தில் வைத்திருப்பவர்கள் கோடையில் பத்துப் பன்னிரண்டு நாளுக்கொரு தடவை மருந்தடிக்கிறார்கள், பனிக்காலத்தில் கொடியை மண்ணால் மூடுகிறார்கள். தாசன் அண்ணைக்கு இரண்டு வேலையும் இல்லை.

“மழை கூடின வருசத்திலை ஒருக்கால் கந்தகம் அடிச்சனான். இந்த வருசம் அதுவும் இல்லை,” என்றார்.

அத்தான் சிரித்தார். “மருந்தடிக்காமல் முந்திரிகை வருமோ தம்பி? சும்மா சொல்லாதையும்.”

தாசன் அண்ணை கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். “அண்ணை, நான் இருபது வயசிலை ஊரிலை முந்திரிகைத் தோட்டங்களுக்குக் கூலிக்கு மருந்தடிச்சனான். மூஞ்சைக்குச் சாரத்துண்டு மட்டும்தான். கையிலை பட்ட மணம் மூண்டு நாளைக்குப் போகாது, சோறு இறங்காது. அந்தப் பழத்தை நாங்கள் தின்னமாட்டம். உதைத் திருப்பிச் செய்யமாட்டன் எண்டுதான் இந்தக் கொடியைத் தேடிப் பிடிச்சனான்.”

எனக்கு அங்கேயே ஒரு கோபம் மூண்டது. ரொறன்ரோவில் எந்த விருந்திலும் ஊர் முந்திரிகையின் இனிப்பைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறோம். அதற்கு மருந்தடித்தவனின் நெஞ்சைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. நானும் திறந்ததில்லை.

பழம் வெட்டிக்கொண்டே றெஜினா விசயத்தைச் சொன்னாள். ஐந்து வருசம் பார்ப்போம், சரிவராவிட்டால் காணியை விற்றுவிடுவோம் என்று இருவரும் பேசிவைத்திருந்தார்கள். இது ஐந்தாவது வருசம். கேள்விப்படாத பெயர் என்று சொல்லிப் போத்தலைத் திறக்காமலே திருப்பி அனுப்பிய கடைகள் பல. இப்போதுதான் ரொறன்ரோ நகருக்குள் உணவகம் வைத்திருக்கும் ஒருவர் போன வருசத்து வைனைக் குடித்துப் பார்த்துவிட்டு, இந்த வருசத்தது முழுவதையும் தான் எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

அவள் ஒரு குலையைத் தூக்கிக் காட்டினாள். பழத்தின் மேல் சாம்பல் பூசியது போல ஒரு மங்கல். “உதிலைதான் ஈஸ்ற் இருக்கு, சாறைப் பொங்கவைச்சு வைனாக்கிற கிருமி. நான் கடையிலை வாங்கிப் போடுறேல்லை. தானாப் பொங்கவேணும். அதுதான் அந்த மனுசனுக்குப் பிடிச்சது.” நாங்கள் மூவரும் கேட்டுக்கொண்டு நின்றோம். அத்தானும்தான். இதை வாசிப்பவர்கள் குறித்துக்கொள்ளவும்.

12.30க்குள் நாற்பத்தாறு பெட்டிகள் நிறைந்தன. இந்த வருசத்து விளைச்சல் அவ்வளவும்தான். என் முதுகு முறிந்தது. அக்கா எங்கள் எல்லாரையும்விடக் கூட வெட்டியிருந்தாள். சோறும் மீன்குழம்பும் சாப்பிட்டபின், பழம் நசுக்கும் இயந்திரத்தை இரவல் வாங்கிவர றெஜினாவும் தாசன் அண்ணையும் ட்ரக்கில் புறப்பட்டார்கள். “பெட்டியள் நிழலிலை கிடக்கட்டும், ஒண்டும் செய்யவேண்டாம்,” என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

நான் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். அத்தான் வாசலில் நின்று உப்பும் மஞ்சள்தூளும் எங்கே என்று கேட்டார். சிங்குக்குக் கீழே ஐந்து கிலோ உப்புப் பை இருந்தது, தூக்கிக் கொடுத்தேன். மஞ்சள் போத்தலையும் கொடுத்தேன். எதற்கு என்று கேட்கவில்லை. திரும்பிக் கோப்பையைக் கழுவினேன்.

1.40க்கு வெளியே வந்தேன். மழைநீர் பிடிக்கும் நீலப் பீப்பாவில் தண்ணீர் மஞ்சளாக இருந்தது. அத்தான் சேட்டுக் கையை மடித்துவிட்டுப் பெட்டி பெட்டியாகப் பழத்தைக் கொட்டி ஊறவைக்கிறார், அக்கா அள்ளித் திரும்பப் பெட்டியில் போடுகிறாள். மூன்று பெட்டிதான் மிச்சம். ஊரில் கடையில் வாங்கிய முந்திரிகையை மருந்து போக எப்படிக் கழுவுவோமோ அப்படியே, பக்குவமாக, ஒரு பழம் நசியாமல் கழுவியிருந்தார்கள்.

நான் வாயைத் திறக்க முதல் ட்ரக் வந்து நின்றது.

றெஜினா ஒரு பழத்தை வாயில் போட்டாள், துப்பினாள். இன்னொரு பெட்டியிலிருந்து இன்னொன்று. அதையும் துப்பினாள். தாசன் அண்ணை வெறும் பெட்டியொன்றைக் கவிழ்த்து அதன்மேல் இருந்துவிட்டார்.

“ஆக்கள் குடிக்கிற சாமான்,” என்றார் அத்தான். “கழுவாமல் என்னெண்டு?”

“நான் காலமை சொன்னன் தானே அண்ணை, மருந்து ஒண்டும் இல்லையெண்டு.”

“எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவினம், தம்பி.”

அப்போது நான் கத்தினேன். பதினெட்டு வருசத்தில் முதல் தடவையாக அத்தானைப் பார்த்துக் கத்தினேன். “ஒரு பிரெஞ்சுக்காரன் சொல்லியிருந்தால் நம்பியிருப்பியள். எங்கடை ஆள் சொன்னால் பொய். அப்பிடித்தானே அத்தான்?”

றெஜினா பீப்பாவுக்குப் பக்கத்தில் கிடந்த வெறும் உப்புப் பையை எடுத்தாள். “உது என்ரை குசினியிலை இருந்தது. ஆர் எடுத்தது?”

“நான்தான் எடுத்துக் குடுத்தனான்,” என்றேன்.

அவள் பையை நாலாக மடித்தாள். “உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கவேணும் எண்டு சொல்லுவினம், வசந்தி. நினைப்பன்.”

உப்பும் மஞ்சளும் ஏறிய பழத்தை வைனுக்குப் போடமுடியாது. கழுவாத மூன்று பெட்டியில் இருபது, இருபத்தைந்து போத்தல் தேறும். கெட்டதைத் தோட்டத்துக்குப் பசளையாகவும் போடமுடியாது, வேருக்கு உப்பு ஆகாது. “தின்னலாம், ஒண்டும் செய்யாது. இருபது பெட்டியை நீங்கள் கொண்டுபோங்கோ, மிச்சத்தை நான் குப்பை மேட்டிலை கொட்டுறன்,” என்றார் தாசன் அண்ணை. அதையும் மரியாதையாகத்தான் சொன்னார். அந்த மரியாதை என்னைச் சுட்டது. நாங்கள் வானை எடுக்கும்போது அவர் பீப்பாத் தண்ணீரைக் கொடிகளில் படாத இடமாகப் பார்த்து வாளியால் சுமந்துகொண்டிருந்தார்.

4.30, மறுபடி 401. வான் முழுக்கப் பழ மணம். அத்தான் பின்னால் கையை விட்டு ஒரு பழம் எடுத்துத் தின்றார். “நல்ல இனிப்பு. உப்பு அவ்வளவாத் தெரியேல்லை,” என்றார்.

அஜக்ஸில் வீட்டு வாசலில் இறங்கியவர் சட்டைப் பையிலிருந்து ஒரு கார்டை எடுத்து நீட்டினார். வீடு, காணி விற்றுக் கொடுப்பதுதான் அவருடைய தொழில்.

“அவை இனிக் காணியை விக்கத்தானே பாப்பினம். உதை உம்மடை சிநேகிதியிட்டைக் குடும். தெரிஞ்ச ஆக்கள் எண்டபடியால் குறைச்சுச் செய்யலாம்.”

கார்டை நான் வாங்கவில்லை. பின்கதவைத் திறந்து முதற் பெட்டியைத் தூக்கி அவருடைய கராஜ் கதவுக்கு முன்னால் வைத்தேன். இரண்டாவது, மூன்றாவது. “உதை நான் என்ன செய்ய?” என்று கேட்டார். நான்காவதைத் தூக்கினேன். அக்கா வந்து பெட்டியின் மறுபக்கத்தைப் பிடித்தாள். காலையிலிருந்து அவள் வாயால் ஒரு சொல் வரவில்லை, அப்போதும் வரவில்லை. பத்துப் பெட்டியையும் இருவருமாக இறக்கி முடித்தோம். கராஜ் கதவைத் திறக்க முடியாதபடி அடுக்கியது அவள்தான்.

6.20க்கு யூனியன்வில். எங்கள் வீதியில் புல் எல்லாம் ஒரே அளவில் வெட்டியிருந்தது. மிச்சப் பத்துப் பெட்டியையும் என் கராஜில் இறக்கி வைத்தேன். ஒவ்வொன்றும் பன்னிரண்டு கிலோ. தனியாகத்தான் தூக்கினேன். மகன் உதவிக்கு வந்தான், வேண்டாமென்று சொல்லிவிட்டேன். உப்புப் பையை ஏனென்று கேட்காமல் தூக்கிக் கொடுத்த கைக்கு அந்தப் பாரம் போதாது.