குளிசை நட்சத்திரம்

மனிதர்களுக்கு ஆசைகள் பலவிதம். சிலருக்குக் காணி, சிலருக்குக் கனடா. அம்பிட்டியவில் ஒரு வீட்டின் பின்பாதியில் வாடகைக்கு இருக்கும் மோகனராஜுக்கு ஒரு கதிரை. ஏதோ ஒரு கதிரை கிடைத்தால் போதும் என்று சமாதானமாகிற ஆளுமல்ல அவர். மகள் படிக்கும் கன்னியர் பாடசாலையின் நத்தார் என்கிற கிறிஸ்மஸ் விழாவில், மண்டபத்தின் முன்வரிசையில், சிவப்பு மெத்தை போட்ட அந்தக் கதிரைதான் வேண்டும்.

ஆசை தொற்றியது போன வருட விழாவில். உட்கார இடமில்லாமல் பின்வாசல் நிலையில் சாய்ந்து, முன்னால் நின்றவரின் பிடரியையே விழாவாகப் பார்த்துக்கொண்டிருந்தார் மோகனராஜ். அந்தப் பிடரி சற்றே விலகியபோது முன்வரிசை தெரிந்தது. எல்லோருக்கும் வெறும் பிளாஸ்டிக் கதிரை. பெற்றார் சங்கத் தலைவர் அம்பிகைபாகனுக்கு மட்டும் சிவப்பு மெத்தை. அம்பிகைபாகன் யாழ்ப்பாணத்துக்காரர், எஞ்சினியர். அவர் அதில் அமர்ந்த விதம் இருக்கிறதே! இரண்டு கைகளையும் கதிரையின் கைகளில் ஊன்றி, மெல்ல மெல்ல இறங்கி, கண்களை மூடி, ஒரு நீண்ட பெருமூச்சு. மரியாதையின் சுகத்தை ஒரு மனிதன் இவ்வளவு ஆழமாக அனுபவிக்க முடியுமா என்று மோகனராஜ் வியந்தார். அன்றைக்கே தீர்மானித்துவிட்டார்.

அவருக்கு ஏன் இந்தக் கதிரைப் பைத்தியம் என்று கேட்பவர்கள் அவருடைய சரித்திரத்தை அறியாதவர்கள். புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். அங்கே கதிரை என்பது துரைக்கும் கிளாக்கருக்கும் உரிய உறுப்பு. மற்றவர்கள் நிற்பதற்கென்றே கால்களோடு பிறந்தவர்கள். வாலிபத்தில் கண்டிக்கு வந்து, சாஹுல் ஹமீது முதலாளியின் பாமசியில் கூட்டித் துடைக்கச் சேர்ந்து, பெட்டி தூக்கி, படிப்படியாக முன்னேறிக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் பதவியை அடைந்தார். முன்னேற்றம் முழுவதும் நின்றபடியே நடந்தது. கடையிலிருந்த ஒரே கதிரையில் முதலாளி இருந்தார். வீட்டிலும் கதிரைகள் இருந்தன, இல்லாமலில்லை. ஆனால் வீட்டில் உட்கார்ந்தால் பார்ப்பது யார்?

தொழிலில் அவருக்கென்று ஒரு முறை உண்டு. மருந்துகளின் பெயர்கள் அவர் வாய்க்குள் நுழைய மறுத்துவிட்டன. அவரும் வற்புறுத்தவில்லை. எந்தக் குளிசையை யார் வாங்குகிறாரோ, அவர் பெயரையே அந்தக் குளிசைக்கு வைத்துவிட்டார். "பெரிய சிஸ்டர் முடியப்போறாங்க, ஓடர் போடணும்" என்று அவர் கூவினால், மகளின் பாடசாலைத் தலைவியான கன்னியாஸ்திரிக்கு ஆயுள் கெட்டி, ரோஸ் குளிசைதான் தட்டில் குறைகிறது என்று கடையில் எல்லோருக்கும் விளங்கும்.

இந்த நிலையில்தான் இந்த வருடம் பாடசாலையில் பெரிய சிஸ்டர் ஓர் அறிவித்தல் செய்தார். நத்தார் மரத்துக்குக் கடையில் வாங்கிய அலங்காரம் எதுவும் வேண்டாம். பிள்ளைகள் வீட்டில் கழிவுப் பொருட்களைக் கொண்டு தங்கள் கையாலேயே செய்து வர வேண்டும். மிகச் சிறந்தது மரத்தின் உச்சிக்குப் போகும். செய்த பிள்ளையின் தகப்பனுக்கு முன்வரிசையில் கதிரை.

நாலாம் வகுப்பில் படிக்கும் மகள் துஷாலினி அறிவித்தலின் முதல் பாதியை நம்பிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே ஒரு யோகட் கப்பைக் கவிழ்த்து, டொபி சுற்றிய கடதாசிகளை ஒட்டி, சிவப்பு நூலைக் கட்டித் தகப்பனிடம் நீட்டினாள்.

"இது என்னா புள்ள?"

"மணிப்பா. மரத்துல தொங்கப் போட."

"மணியா? மழையில ஊறுன கோழிக்குஞ்சு மாதிரில்ல இருக்கு. ஒங்க சிஸ்டர் இதப் பாத்தா மரத்தையே வெட்டிப்புடுவாங்க."

ஐந்து வயது கவிஷன் கைகொட்டிச் சிரித்தான். மோகனராஜ் மணியைக் குப்பை வாளியில் போட்டார். பிள்ளைகளோடு சேர்ந்து நத்தார் அலங்காரம் செய்யும் இனிய பணி இவ்வாறு ஆரம்பமாயிற்று.

குசினியிலிருந்து கலாராணி எட்டிப் பார்த்தாள். "புள்ள கையால செய்யணும்னுதானே சொல்லியிருக்காங்க. நீங்க செஞ்சு குடுக்கறதுன்னா அவ வெள்ளக் கவுனையும் நீங்களே மாட்டிக்கிட்டுப் போங்க."

"எல்லா வீட்லயும் பெரியவங்கதான் செய்றாங்க. எஞ்சினியரு வீட்ல பிளான் கீறியே செய்றாராம். ஒனக்கு என்னா தெரியும்? அந்தக் கியூட்டெக்ஸ் போத்தல எடு."

திகதி முடிந்த குளிசைகளை அழித்துவிடும்படி முதலாளி அவரிடம் ஒரு பிஸ்கட் டின் நிறையக் கொடுத்திருந்தார். மோகனராஜ் அவற்றை அழிக்கவில்லை, கலைக்கு அர்ப்பணித்தார். தடித்த மட்டையில் ஒரு பெரிய நட்சத்திரம் வெட்டி, குளிசை அட்டைகளின் வெள்ளித் தாளை உரித்து மேலே போர்த்தினார். கலாராணியின் நிறமில்லாத கியூட்டெக்ஸ் நகப்பூச்சில் குளிசைகளைத் தோய்த்துக் காயவைத்தார். காய்ந்ததும் அவை குளிசைகள் என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள். ரோஸ், மஞ்சள், பச்சை, மண்ணிறம் என்று பாசிமணிகள்போல மின்னின.

"சின்னவன் வாயில போட்டுக்கப் போறான்" என்றாள் கலாராணி.

"போட மாட்டான். போட்டா கைய ஒடிப்பேன்னு சொல்லியிருக்கேன்" என்றார் பாசமுள்ள தகப்பன், டின்னைத் தன் முழங்கால்களுக்கிடையில் இடுக்கிக்கொண்டு.

பிள்ளைகளுக்கும் ஒரு வேலை கிடைத்தது. மூக்குக் கண்ணாடியைக் கடையில் விட்டு வந்திருந்தபடியால் அவருக்குக் கிட்டத்தில் நிறங்கள் கலங்கின. பிள்ளைகள் பிரித்து எடுத்துக் கொடுக்க வேண்டும். கேட்பது அவருக்குத் தெரிந்த ஒரே முறையில்.

"பெரிய சிஸ்டரக் குடு. ரோஸ், ரோஸ். ம்... இப்ப லீலாதேவி டீச்சரு. மஞ்ச."

"அப்பா, சிஸ்டருக்கு என்னா நோவு?" என்றான் கவிஷன்.

"கோவம். இதக் குடிக்கலன்னா புள்ளைங்களக் கடிச்சுப்புடுவாங்க."

"எங்க கிளாஸ் டீச்சருக்கு?" என்றாள் துஷாலினி.

"வயித்துல காத்து. ஒங்க கிளாஸ்ல அடிக்கடி ஜன்னலத் தொறக்கச் சொல்லுவாங்களே, ஏன்னு நெனச்ச?"

துஷாலினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மணி குப்பைக்குப் போன துக்கம்கூட மறந்துவிட்டது. பச்சைக் குளிசை ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி ஒருவருடையது, மறதிக்கு. மண்ணிறக் குளிசை எடுப்பாக இருந்ததால் அதைக் கம் பசை தடவி நட்டநடுவில் வட்டமாக ஒட்டினார்.

"இது எஞ்சினியரு அங்கிளோடது. மூலம். பாவம், உக்காந்தா ஊசி குத்துமாம்." சொல்லிவிட்டுத் தானும் விழுந்து விழுந்து சிரித்தார். அந்த வீட்டில் அப்பாவும் பிள்ளைகளும் அப்படிச் சேர்ந்து சிரித்து வெகுகாலமாகியிருந்தது.

அந்த உற்சாகத்தில் துஷாலினி ஒரே ஒரு ரோஸ் குளிசையைத் தானே ஒட்டிப் பார்த்தாள். புறங்கையில் அடி விழுந்தது. "கைய எடு! கோணிப் போச்சு பாரு!" மோகனராஜ் அதை நகத்தால் பெயர்த்தெடுத்துத் திரும்ப ஒட்டினார்.

பின்னேரம் ஒப்புவித்தல் பாடம் நடந்தது.

"யாரு செஞ்சா?"

"நான்."

"அப்பா என்னா செஞ்சாரு?"

"கம் போத்தலப் புடிச்சாரு."

"இதெல்லாம் என்னா?"

"பாசிமணி."

"கெட்டிக்காரி."

விழா நாளில் நட்சத்திரம் மரத்தின் உச்சியில் ஏறியது. மற்றப் பிள்ளைகள் கொண்டுவந்த கடதாசிச் சங்கிலிகளும் முட்டைக்கோது பொம்மைகளும் அதன் காலடியில் வெட்கித் தொங்கின. ஒலிபெருக்கியில் துஷாலினியின் பெயரும், தொடர்ந்து தகப்பனின் பெயரும் வந்தன. பின்வாசலில் நின்ற மோகனராஜ் மண்டபத்தின் நடுவழியே நடந்தார். அவசரப்படவில்லை. பார்க்க வேண்டியவர்கள் பார்த்து முடியட்டும்.

முன்வரிசையில் இரண்டு கதிரைகள் காலி. ஒன்று வெறும் பிளாஸ்டிக். மற்றதில் சிவப்பு மெத்தை. அம்பிகைபாகன் வரவேற்புரை முடித்து அப்போதுதான் மேடையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். மோகனராஜுக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது? இந்த வருடத்து வெற்றியாளர் யார்? கைகளை ஊன்றி, மெல்ல இறங்கி, கண்களை மூடிப் பெருமூச்சு விட்டார். போன வருடம் பார்த்து மனப்பாடம் செய்தது ஒன்றும் பிசகவில்லை.

கண் திறந்தபோது அம்பிகைபாகன் எதிரே நின்றார். கதிரையைப் பார்த்தார். மோகனராஜைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, சபையைப் பார்த்து மூடிக்கொண்டார். பிறகு பக்கத்து வெறும் கதிரையில் ஒரு பக்கமாகச் சரிந்து, பாதி உட்கார்ந்தார். தோற்றவன் அப்படித்தான் உட்காருவான் என்று மோகனராஜ் பெருந்தன்மையோடு நினைத்துக்கொண்டார்.

மேடையில் பெரிய சிஸ்டர் துஷாலினியின் வாய்க்கருகே மைக்கைப் பிடித்தார். "நீங்களே செய்ததா, மகள்?"

"ஓம் சிஸ்டர். அப்பா கம் போத்தல் மட்டும் புடிச்சாரு."

கைதட்டல்.

"எவ்வளவு வடிவான பாசிமணிகள்! இந்த ரோஸ் நிறத்தை எங்கே எடுத்தீங்கள்?"

இந்தக் கேள்வி பாடத்தில் இல்லை. துஷாலினி தகப்பனைப் பார்த்தாள். மெத்தைச் சுகத்தில் மிதந்துகொண்டிருந்தவர், சொல்லு சொல்லு என்று தலையாட்டினார்.

"அது ஒங்களோடது சிஸ்டர்."

"என்னுடையதா?"

"கோவக் குளிச. அதக் குடிக்கலன்னா நீங்க புள்ளைங்களக் கடிச்சுப்புடுவீங்கன்னு அப்பா சொன்னாரு."

பின்வரிசையில், நின்றுகொண்டிருந்தவர்களிடமிருந்து, முதல் சிரிப்பு கிளம்பியது. மானத்தைக் காப்பாற்ற மேடைக்கு ஓடிய லீலாதேவி டீச்சர் பிள்ளையின் கையைப் பிடித்ததுதான் தாமதம்.

"மஞ்ச ஒங்களோடது டீச்சர். வயித்துல காத்து."

இது ஏதோ விளையாட்டு என்று நினைத்த பிரதம விருந்தினரான அந்த ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி, முன்வரிசையிலிருந்தே உற்சாகமாகக் கையைத் தூக்கினார். "அப்ப என்னுடையது எது, மகள்?"

"பச்ச, சேர். மறதிக்கி. போன கெழம வாங்கினத மறந்துட்டு மறுநாளும் வந்தீங்களாம்."

கூரைத் தகரம் அதிரச் சிரித்தார்கள். துஷாலினியின் முகத்தில் குறும்பும் இல்லை, கோபமும் இல்லை. சொல்லிக்கொடுத்த பாடத்தை ஒப்புவிக்கும் நல்ல பிள்ளையின் முகம் அது. மோகனராஜ் எழுந்து ஓடவேண்டும் என்றுதான் நினைத்தார். ஆனால் எழுந்தால் கதிரை போய்விடுமே. அந்தத் தயக்கத்துக்குள் கலாராணியின் மடியிலிருந்து கவிஷனின் குரல் கிளம்பியது.

"அக்கா! நடுவுல உள்ளதச் சொல்லு!"

"நடுவுல உள்ளது எஞ்சினியரு அங்கிளோடது" என்றாள் துஷாலினி, மைக்கை இன்னும் கிட்ட இழுத்து. "மூலம். உக்காந்தா ஊசி குத்துமாம்."

எல்லாக் கண்களும் அம்பிகைபாகனிடம் போயின. வெறும் பிளாஸ்டிக்கில் ஒரு பக்கமாகச் சரிந்து, நெற்றியெல்லாம் வியர்வையோடு இருந்தார் மனிதர். பிறகு அந்தக் கண்கள் அங்கிருந்து பக்கத்துச் சிவப்பு மெத்தைக்கு நகர்ந்தன. மண்டபத்தில் கடைசியாக விஷயம் விளங்கியது மெத்தையில் இருந்தவருக்கு. தான் ஒரு வருடமாகக் கனவு கண்ட மரியாதை என்ன பொருள் என்று அவருக்குக் கீழிருந்து மேலாகத் தெரியவந்தது.

அம்பிகைபாகன் அவர் காதருகே குனிந்தார். "தம்பி, சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லியாச்சுத்தானே. இனி எழும்பும். மெத்தை என்ரை. வீட்டில இருந்து கொண்டு வந்தனான்."

மோகனராஜ் எழுந்தார். மெத்தையை எடுத்து, தூசி இல்லாதபோதும் தட்டி, இரண்டு கைகளாலும் கொடுத்தார். மிகுதி விழாவை நின்றபடியே பார்த்தார்.

சிஸ்டர் நட்சத்திரத்தை இறக்குவித்தார். உச்சி மொட்டையாக நின்றது. அப்போது துஷாலினி புத்தகப் பையிலிருந்து எதையோ எடுத்து நீட்டினாள். குப்பை வாளியிலிருந்து அவள் காப்பாற்றி வைத்திருந்த யோகட் கப் மணி. அதில் தேயிலைத் தூள்வேறு ஒட்டியிருந்தது. இதே இடத்தில் வேறு கதைகளில் அந்த மணி உச்சியில் ஏறியிருக்கும். சிஸ்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது உண்மையிலேயே அவலட்சணமாக இருந்தது. அந்த ஒரு விஷயத்தில் மோகனராஜ் சொன்னது முற்றிலும் சரி. "பிறகு பார்ப்பம்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். உச்சி மொட்டையாகவே நத்தார் வந்து போயிற்று.

வீட்டுக்கு வரும் வழியில் மோகனராஜ் கேட்டார். "ஏம் புள்ள அப்புடிச் சொன்ன?"

"நீங்கதானேப்பா சொல்லிக் குடுத்தீங்க."

மறுநாள் சாஹுல் ஹமீது முதலாளி சத்தம்போடவில்லை. அவர் வியாபாரி. "மோகன், ஒங்கள நான் வெளிய போடல்ல. புள்ளகுட்டிக்காரன். ஆனா இனி முன்னுக்கு வர வாணாம். ஒங்கட மொகத்தக் கண்டா ஆக்கள் மருந்து வாங்கப் பயப்படுறாங்க. ஸ்டோருக்குள்ள இரிந்து லேபல் ஒட்டுங்க."

'இரிந்து' என்றால் உண்மையாகவே இருந்துதான். முதலாளி ஒரு கதிரை கொடுத்தார். பலகைக் கதிரை, சுவரைப் பார்த்தபடி, ஜன்னல் இல்லாத அறையில். வாழ்க்கையில் முதன்முதலாக மோகனராஜ் காலையிலிருந்து கடை சாத்தும்வரை உட்கார்ந்தே வேலை செய்தார். யாரும் பார்க்கவில்லை.

அடுத்த மழைக்காலம் வருவதற்குள் அவருக்கும் உட்கார்ந்தால் ஊசி குத்தத் தொடங்கியது. கவுண்டரில் இப்போது நிற்பது ஷப்ராஸ். மருந்துப் பெயர்கள் வாயில் நுழையாததால் தொழிலை மோகனராஜின் முறையிலேயே கற்றுக்கொண்டவன். கடை நிறைய ஆட்கள் நிற்கும் நேரமாகப் பார்த்து உள்ளே திரும்பி, மோகனராஜிடமே மரியாதையாகக் கூவுகிறான்:

"ஸ்டோர்ல பாருங்க நாநா, மண்ணிறத்துல மோகன் இன்னும் மிச்சம் ஈக்குதா?"