பெங்களூரா, பாண்டிச்சேரியா: இரண்டு ஷிப்டுக்காரர்கள் ஊர் தேர்ந்தெடுத்த கதை

இந்தப் பயணத்துக்கு நாள் குறித்தது நாங்கள் அல்ல, என் கணவர் வேலை செய்யும் ஒரகடம் கம்பெனியின் மெயின்டனன்ஸ்காரர்கள். இரண்டு நாள் உற்பத்தி லைனை நிறுத்திப் பழுது பார்க்கப் போகிறோம் என்று போன மாதம் திடீரென்று சொன்னார்கள். நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செல்போன் பாகம் பொருத்தும் கம்பெனியில் இருக்கிறேன். தோழியிடம் கெஞ்சி வார லீவை மாற்றி, இன்னொரு நாள் லீவும் போட்டு அதே இரண்டு நாளைப் பிடித்தேன். கல்யாணமாகி ஒன்றரை வருடத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல் வந்த முதல் விடுமுறை.

சிரிக்காதீர்கள். எனக்குக் காலை ஷிப்ட் என்றால் இவருக்கு இரவு ஷிப்ட். ஷிப்ட் மாறும்தான், ஆனால் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டே மாறும். இவருக்கு டீயில் எத்தனை ஸ்பூன் சர்க்கரை என்பதையே நான் வாட்ஸ்அப்பில்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஆகவே ஊர் சுற்றுவது இரண்டாம் பட்சம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் முழித்திருந்து, உட்கார்ந்து பேச வேண்டும். அதற்கு எந்த ஊர் தோதாக இருக்கும் என்பதுதான் கேள்வி.

ஒரகடம் கூட்ரோட்டில் நின்றால் இரண்டுமே கைக்கெட்டும் தூரம் மாதிரித்தான் தோன்றும். ஒரு பக்கம் போனால் ஸ்ரீபெரும்புதூர், அங்கே பெங்களூர் ஹைவே. எதிர்ப்பக்கம் போனால் சிங்கப்பெருமாள் கோயில், ஜிஎஸ்டி ரோடு, அப்படியே பாண்டிச்சேரி. இவருக்குப் பெங்களூர் ஆசை. குளிராக இருக்குமாம், மெட்ரோவில் ஏறலாமாம். பக்கத்தில் சென்னையில் ஓடுகிற மெட்ரோவில் இதுவரை ஏறாதவர் சொல்கிறார்! எனக்குக் கடல். கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட் தேவகி அக்காவிடம் கேட்டேன்.

“பாண்டிச்சேரியா? உன் வூட்டுக்காரரு பாட்டில வாங்கினு ரூம்ல குந்திக்குவாரு. நீ கடலாண்ட தனியா நிக்கப் போற.”

“அவரு குடிக்க மாட்டாருக்கா.”

“குடிக்காததுங்கதான் அங்க போயி ஆரம்பிக்குதுங்க” என்றார் அக்கா.

கடைசியில் தூரம்தான் முடிவு செய்தது. பெங்களூர் முந்நூறு கிலோமீட்டர், போக மட்டும் ஆறேழு மணி நேரம். பாண்டிச்சேரி நூற்றி இருபத்தைந்துக்குள். பஸ்ஸில் மிச்சமாகும் நேரம் எல்லாம் பேச்சுக்கு என்று கணக்குப் போட்டேன்.

இவர் நைட் முடித்து வந்து குளித்ததும், காலை எட்டேகாலுக்குக் கிளம்பினோம். சிங்கப்பெருமாள் கோயில் வரை டவுன் பஸ், அங்கிருந்து செங்கல்பட்டுக்கு இன்னொன்று. இரண்டிலும் பெண்களுக்கு இலவசம், ஆகவே இவருக்கு மட்டும் எடுத்தோம். செங்கல்பட்டில் பாண்டிச்சேரி பஸ்ஸில் இரண்டு பேர் சீட் கிடைத்தது. பேச நிறைய வைத்திருந்தேன். மதுராந்தகம் தாண்டியதாக ஞாபகம் இல்லை. கம்பெனி பஸ்ஸில் போய்ப் பழகிய உடம்பு, சீட்டில் சாய்ந்தால் தூங்கிவிடும். துப்பட்டாவை முகத்தில் போட்டுக்கொண்டு நான், ஜன்னலில் தலை முட்ட முட்ட இவர். கண்டக்டர் வந்து கம்பியைத் தட்டினார்.

“ஏம்மா, பாண்டி வந்து எல்லாரும் எறங்கியாச்சு. டெப்போவுக்கு வர்றீங்களா?”

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே லாட்ஜ், ஒரு நாளைக்கு ஆயிரத்து நானூறு. சுத்தமாக இருந்தது, தண்ணீர் மட்டும் கொஞ்சம் உப்பு. “அஞ்சு நிமிஷம் செல்வி” என்று படுத்தார் இவர். அவ்வளவுதான். ஷிப்ட் வீடுகளில் ஒரு சட்டம் உண்டு. வீடே எரிந்தாலும் தூங்குகிறவரை எழுப்பக் கூடாது. சத்தம் வராமல் கதவைச் சாத்திவிட்டுத் தனியாகக் கிளம்பினேன்.

தனியாகப் பார்த்தாலும் ஊர் நன்றாகத்தான் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். கடற்கரைக்குப் பின்னால் மஞ்சள் சுவர்த் தெருக்கள், புரியாத பெயர்ப் பலகைகள், போலீஸ்காரர் தலையில் சிவப்புத் தொப்பி. எந்த வீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள், எது ஹோட்டல் என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கும் அம்மா என் தாலிக்கயிற்றைப் பார்த்துவிட்டு, “தனியாவா வந்த? மாப்ள எங்க?” என்றார். தூங்குகிறார் என்றேன். “தூங்கறதுக்கா பாண்டிக்கு வந்தாரு?” என்று சுற்றியிருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சிரித்தார். எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. பாட்டில் இல்லாமலேயே தேவகி அக்கா சொன்னது பலித்துவிட்டது.

நான் ரூமுக்குத் திரும்பிய பிறகு, சாயங்காலம் ஐந்தரைக்கு இவர் எழுந்து, மலர்ந்த முகத்தோடு, “எங்க போலாம்?” என்றார். கடற்கரை ரோட்டில் ஆறு மணிக்கு மேல் வண்டி விடுவதில்லை, நடக்க அருமையாக இருக்கும். நடந்தோம். ஆனால் காலையில் நாலு மணிக்கு எழுந்து பழகியவள் நான். எட்டு மணிக்கு ஹோட்டலில் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டிருக்கும்போதே கண் சொக்கியது. ரூமுக்குக் கூட்டி வந்து விட்டார், படுத்தது மட்டும் தெரியும்.

நாலு மணிக்கு அலாரம் இல்லாமலே விழிப்பு வந்தது. இவர் நாற்காலியில் இருட்டில் உட்கார்ந்திருந்தார்.

“லைட் போடலியா?”

“நீ எந்திரிச்சுடுவியேன்னு.”

ஐந்து மணிக்குக் கடற்கரைக்குப் போய்க் கருங்கல்லில் உட்கார்ந்தோம். நேற்றைய கோபத்தை அங்கேதான் கொட்டினேன். மீன்கார அம்மா கேட்டதையும் சொன்னேன்.

“எழுப்பி இருக்கலாமில்ல?” என்றார் இவர்.

“நைட்டு முடிச்சு வந்த ஆள எப்படிங்க எழுப்பறது? நீங்க மட்டும் என்ன எழுப்புனீங்களா?”

“நானும் ரூம விட்டு எங்கியும் போவல. நீ தூங்கறதப் பாத்துனு குந்தினு இருந்தேன்” என்றவர் மெதுவாகச் சொன்னார்: “எனக்கு உன்னத் தூங்கசொல்லோ நல்லாத் தெரியும் செல்வி. தூக்கத்துல பார்ட் நம்பர் சொல்ற. எடது கைய மடக்கி வெச்சுக்கற. முழிச்சுனு கீறப்ப நீ எப்டி இருப்பன்னுதான் சரியாத் தெரில.”

எனக்கும் அப்படித்தான் என்றேன். வெயில் சுடுகிற வரைக்கும் பேசினோம். ஒருவர் வாயை ஒருவர் மூடவிடவில்லை. மத்தியானம் பஸ் ஏறினோம், திரும்பவும் தூங்கினோம்.

போக நினைப்பவர்களுக்கு: இரண்டு நாள் என்றால் பாண்டிச்சேரி, பெங்களூருக்கு மூன்று நாளாவது வேண்டும். லாட்ஜில் குடிக்கிற தண்ணீரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கடற்கரைக்கு விடியற்காலையில் போங்கள், கூட்டம் இருக்காது. ஷிப்டுக்காரர்கள் ஜோடியாகப் போனால், எழுப்பினால் கோபித்துக்கொள்ள மாட்டேன் என்று கிளம்பும் முன்பே ஒருவருக்கொருவர் சொல்லிவிடுங்கள்.

இரண்டு பேருக்கும் ஒரே நேரத்து ஷிப்ட் வேண்டும் என்று அவரவர் கம்பெனியில் கேட்டிருக்கிறோம். “பாக்கலாம்” என்கிறார் என் சூப்பர்வைசர், அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். இன்றைக்குக் காலை ஷிப்ட் முடித்து வந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். மணி நாலரை. இவர் உள்ளே தூங்குகிறார், ஏழு மணிக்குத்தான் எழுவார். அடுப்பில் டீ கொதித்துவிட்டது. போய் எழுப்பப் போகிறேன்.